பீலித் தண்ணீரின் நிறம்

2020 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. இரவு எட்டரை மணிவாக்கில் கண்டிக்குக் கிழக்கே திகன, ஹாரகம, அநுரகம பக்கத்து ஆட்கள் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். நிலத்துக்குள்ளிருந்து ஓர் உறுமல், அதன் பின்னாலேயே சுவரில் ஓர் அதிர்வு. சில வீடுகளில் பூச்சு வெடித்திருந்தது. பல்லேகலை நிலநடுக்கப் பதிவு நிலையம் அதைக் குறித்துக்கொண்டது. அளவு 2 பக்கம்தான். ஜப்பானில் இப்படி ஒன்று வந்தால் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார். ஆனால் நிலம் அசையாது என்று பிறந்ததிலிருந்து நம்பி வந்த ஊருக்கு அது சின்ன விஷயமில்லை. அந்த வருடமே நவம்பரிலும் டிசம்பரிலும் மறுபடி அதிர்ந்தது.

சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போயிருந்தபோது ஒரு தேத்தண்ணிக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் அடுப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆடின மாதிரி இல்லீங்க. கீழ என்னமோ நகர்ந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு."

விளக்கங்கள் பல வந்தன. கல் உடைக்கும் வெடி என்றார்கள் சிலர். சுண்ணாம்புக் குகை ஏதோ உள்ளே இடிந்திருக்கும் என்றார்கள் சிலர். அடியிலுள்ள பழைய முறிவு அசைந்தது என்றும், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் பாரம் என்றும் பேச்சு வந்தது. புவிச்சரிதவியல் பணியகம் ஆராய்ந்தது. நிபுணர்கள் ஒரே குரலில் பேசவில்லை. எனக்கோ அந்தக் கடைக்காரரின் சொல்தான் மனதில் தங்கியது. நகர்ந்து உட்கார்ந்தது என்றால், அதுவரை அது உட்காராமல் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்? எதைப் பிடித்துக்கொண்டிருந்தது? அந்தப் பிடி ஏன் விட்டது?

இந்தக் கேள்வியோடு நான் பல வருடம் நடந்திருக்கிறேன். கண்டியில் எந்தப் பக்கம் நடந்தாலும் கல்லில்தான் கால் படும்.

இந்தக் கல் எளிய கல்லில்லை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கூடிய ஆழத்தில், பெரும் பாரத்தின் கீழ் வெந்து பிசையப்பட்டது. ரோட்டுக்காக மலையை வெட்டிய இடங்களில் நின்று பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாகத் தெரியும். நடுவே மாதுளை முத்துப் போல் கார்னெட் மணிகள் கிடக்கும். இடையிடையே வெள்ளைப் பளிங்குச் சுண்ணாம்புக்கல் பட்டைகள். திகனப் பக்கம் வெட்டி எடுத்து, தேயிலை மண்ணின் புளிப்பை அடக்கத் தூவுகிறோமே டொலமைட், அது இந்த வெள்ளைப் பட்டையிலிருந்து வருவதுதான். இலங்கையின் இந்தப் பளிங்குக்கல்லைப் பற்றி 1902இல் லண்டன் புவியியல் கழகத்தின் இதழில் எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்பாடு சிவ நடனத்தைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற அதே குமாரசுவாமிதான். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள அளவைத் துறைக்கு அவரே முதல் இயக்குநர். சுத்தியலோடு இந்த மலைகளில் அலைந்த பிறகுதான் அவர் சிலைகளிடம் போனார் என்பது எனக்கு எப்போதும் ஒரு நிறைவைத் தருகிற செய்தி.

அவ்வளவு ஆழத்தில் பிறந்த கல் இன்று நம் வாசலில் எப்படி வந்து நிற்கிறது? மேலே இருந்ததை மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக்கொண்டு போயின. பாரம் இறங்க இறங்கக் கீழிருந்த கல் நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது வெடித்தது. ஹந்தானையின் வெறும் பாறை முகங்களைப் பாருங்கள். மாவனல்லைக்கு அப்பால் தெரியும் பத்தலகலையைப் பாருங்கள். வெங்காயத் தோல் போலப் படலம் படலமாகக் கழன்று நிற்கும். சுமைக்குக் கீழே ஒரே உடம்பாக இருந்த கல், சுமை இறங்கியதும் பிளந்தது. இதை முதலில் படித்த அன்று வெகு நேரம் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுமைதான் உடைக்கும் என்று அதுவரை நினைத்திருந்தவன் நான்.

பிளந்த இடத்தில் தண்ணீர் நுழையும். இந்தக் கல்லின் உடம்பு தண்ணீரைக் குடிக்காது. நூற்றில் ஒரு பங்கு இடம்கூட அதற்குள் காலியாக இல்லை. மலைக்குள் ஓடுகிற தண்ணீரெல்லாம் கீறல்களில்தான் ஓடுகிறது. குழாய்க்கிணறு தோண்டுகிறவர்கள் 60 மீட்டர் வெறும் தூளாக வந்து, 61ஆம் மீட்டரில் தண்ணீர் பீறிடுவதைப் பார்த்திருப்பார்கள். அங்கே ஒரு கீறல் இருந்திருக்கும். நம் பெரியவர்கள் அதற்கு ஊற்றுக்கண் என்று பேர் வைத்தார்கள். கண் என்றால் திறக்கும், மூடும்.

உண்மையிலேயே அது திறந்து மூடுகிறது. கீறலின் இரண்டு முகமும் வழுவழுப்பாக இருப்பதில்லை; மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடும் மேடும் முட்டிக்கொண்டு நிற்க, பள்ளங்களின் வழியே தண்ணீர் போகும். மேலிருந்து அழுத்தினால் முதலில் சட்டென்று நெருங்கும். பிறகு முட்டிக்கொண்ட மேடுகள் பாரத்தைத் தாங்க, அதற்கு மேல் இலேசில் மூடாது. பக்கவாட்டில் நழுவினாலோ மேடு மேட்டின் மேல் ஏறி நின்று, கீறல் முன்னைவிட அகலமாகத் திறக்கும். இந்த அகலம் மயிரிழை அளவுதான். ஆனால் கணக்கு விசித்திரமானது: அகலம் இரண்டு மடங்கானால் ஓடும் தண்ணீர் எட்டு மடங்கு, பாதியானால் எட்டில் ஒரு பங்கு. மயிரிழையில் பாதி அளவு அசைவு, மலைக்குள் ஒரு ஓடையைத் திறக்கவோ அடைக்கவோ போதும். ஆகவே கல்லின் மேல் விழும் நெருக்கடி, நம் பாடநூல்கள் தகைப்பு என்று சொல்கின்றனவே அது, தண்ணீர் எங்கே போகலாம் என்று தீர்மானிக்கிறது.

தண்ணீரும் சும்மா போவதில்லை. அதுவும் திருப்பிக் கொடுக்கிறது.

ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2.7 தொன். அதே அளவு தண்ணீர் 1 தொன். 100 மீட்டர் ஆழத்தில் கிடைமட்டமாக ஒரு கீறல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு சதுர மீட்டரையும் மேலிருந்து 270 தொன் அழுத்துகிறது. கீறல்கள் எல்லாம் உச்சிவரை தண்ணீரால் நிறைந்திருந்தால், அதே சதுர மீட்டரில் தண்ணீர் 100 தொன்னைத் தன் தோளில் ஏந்திக்கொள்ளும். கல்லுக்கு மிஞ்சுவது 170. கல்லும் கல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடி அந்த 170ஐப் பொறுத்ததே தவிர, மொத்த 270ஐப் பொறுத்ததல்ல. மண்ணுக்கு இந்த விதியை 1920களில் தெளிவாக எழுதியவர் கார்ல் டெர்ஸாகி. தண்ணீர் கல்லைக் கரைக்கவும் இல்லை, வழுக்கவிடவும் இல்லை. பாரத்தில் தன் பங்கைக் கூட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். பங்கு கூடக்கூடக் கல்லின் பிடி தளர்கிறது.

இதைச் சமையலறையில் பார்க்கலாம். சுடுநீரில் கழுவிய கண்ணாடிக் குவளையை ஈரமான கல் மேடையில் கவிழ்த்து வையுங்கள். சில நேரம் யாரும் தொடாமலே அது நாலு விரற்கடை நகரும். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, குவளையின் பாரத்தில் ஒரு பங்கைத் தான் தாங்கிக்கொள்கிறது. விளிம்பின் பிடி போய்விடுகிறது. மேடையின் சரிவு கண்ணுக்கே தெரியாத சரிவு. பிடி போனவனுக்கு அது போதும்.

பெரிய அளவில் மனிதர் இதைத் தெரியாமலே செய்து பார்த்த இடம் அமெரிக்காவின் டென்வர். 1962 முதல் இராணுவக் கழிவுநீரை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் ஆழமான கிணற்றில் அழுத்திச் செலுத்தினார்கள். நில அதிர்வே பழக்கமில்லாத இடத்தில் நிலம் அதிரத் தொடங்கியது. பிறகு தெரிந்தே செய்து பார்த்தார்கள். அதே கொலராடோ மாநிலத்தில் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் 1969 முதல் சில ஆண்டுகள் நீரழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தபோது, அதிர்வுகளும் கூடிக் குறைந்தன. நமக்கு அருகில் மகாராஷ்டிரத்தின் கொய்னா. 103 மீட்டர் உயர அணை. நீர் தேங்கிச் சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11 விடியும் முன்னே, 6க்கு மேற்பட்ட அளவில் நிலம் நடுங்கிக் கிட்டத்தட்ட 180 பேர் மாண்டார்கள். அணை பூகம்பத்தை உண்டாக்கவில்லை. விட்டுவிடும் நிலையில் ஏற்கெனவே நின்ற ஒரு முறிவுக்குக் கடைசிப் பங்கைக் கொடுத்தது.

விக்டோரியா 122 மீட்டர். இரட்டை வளைவு அணை; பிரித்தானிய உதவியில் எழுந்து 1985 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் வந்திருக்கத் திறக்கப்பட்டது. நிறைந்தால் 72 கோடி கன மீட்டர், அதாவது 72 கோடி தொன் தண்ணீர். பழைய தெல்தெனிய நகரம் அதற்கு அடியில் கிடக்கிறது. வறட்சி முற்றிய வருடங்களில் அதன் இடிபாடுகள் வெளியே வந்து காயும், ஆட்கள் போய் நின்று பார்த்துவிட்டு வருவார்கள். ஆண்டுக்காண்டு இந்தப் பாரம் ஏறி இறங்குகிறது. பாரம் ஏறுவதை அடிப்பாறை அப்போதே உணர்ந்துவிடும். நீரழுத்தம் அப்படியில்லை. கீறல் கீறலாக நுழைந்து, அடைபட்ட இடத்தில் காத்திருந்து, கிலோமீட்டர்களைக் கடக்க மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். 2020இன் அதிர்வுக்கு விக்டோரியாதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன்: மலையடியில் இன்று நடப்பதற்கான காரணம் இன்றைய மழையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அணை என்றதும் எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவில் வருவது பிரான்சின் மல்பாஸே. அங்கும் வளைவு அணை. அங்கும் கண்டியில் இருப்பதுபோல் வரியோடிய நைஸ் பாறை. 1959 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, பெருமழையில் நீர்த்தேக்கம் முதன்முறையாக நிறைந்துகொண்டிருந்தபோது, அணை ஒரேயடியாகப் போயிற்று. கீழே ஃப்ரெஜூஸ் நகரம் வரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 423 பேர். கொங்கிரீட்டில் குற்றமில்லை. கட்டியவர் உலகத்தின் முதல்தர அணைப் பொறியியலாளர்களில் ஒருவர். குற்றம் எங்கே என்று தேடியவர்கள், இடது கரைப் பாறைத் துண்டை ஆய்வுகூடத்தில் நசுக்கியும் விரித்தும் தண்ணீர் செலுத்திப் பார்த்தார்கள். நசுக்கினால் அந்தப் பாறையின் கீறல்கள் அநேகமாக அடைபட்டுவிடுகின்றன என்று கண்டார்கள்.

இங்கேதான் நான் முழங்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். வளைவு அணையின் வேலையே, தண்ணீரின் தள்ளுதலை இரு கரைப் பாறைகளின் மேல் கொண்டுபோய்ப் போடுவது. மல்பாஸேயிலும் அணை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கரைப் பாறையை இறுக அழுத்தியது. அழுத்திய இடத்தில் கீறல்கள் மூடின. மூடியதால் பாறைக்குள் கசிந்து வந்த தண்ணீருக்கு அப்பால் போக வழியில்லை. கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது அணை ஒன்று பாறைக்குள்ளேயே எழுந்துவிட்டது. அதன் பின்னால் நீரழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கீழ்ப்புறம் ஒரு பழைய முறிவு இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஆப்புப் போல் நின்ற பாறைத் துண்டின் பாரத்தில் தண்ணீர் தன் பங்கைக் கூட்டிக்கொண்டே வந்து, கடைசியில் அந்தத் துண்டு பிடியை விட்டது. பலமாக அழுத்திப் பிடித்ததே பிடியைப் பறித்தது. பாறையின் நெருக்கடியும் நீரின் ஓட்டமும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே போவதன் பயங்கரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டிய இரவு வேறில்லை.

அந்த 423 உயிருக்குப் பிறகு உலகம் கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? பாறையில் துளை போடுவது. மல்பாஸேக்குப் பின் வந்த வளைவு அணைகளின் கரைப் பாறைகளிலும் அடிப்பாறையிலும் தண்ணீர் வெளியேறத் துளைகள் இடுவது கட்டாயம்போல் ஆயிற்று. விக்டோரியா அந்தத் தலைமுறை அணை. இப்படிப்பட்ட அணைகளின் உள்ளே நடைகூடங்கள் உண்டு. துளைகளிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலில் சேரும். எவ்வளவு வருகிறது, தெளிவாக வருகிறதா என்று ஆட்கள் அளந்து எழுதுவார்கள். கசிவு திடீரென்று கூடினால் பயம். திடீரென்று நின்றுபோனாலும் பயம். நின்ற தண்ணீர் எங்கோ கூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு சொட்டும் ஒழுகாததுதான் நல்ல அணை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அளந்து ஒழுகுவதுதான் நல்ல அணை.

அப்படியானால் இருக்கிற தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டால் மலை பத்திரமா? அதற்கும் நம்மிடமே பதில் இருக்கிறது. கண்டியிலிருந்து ரயிலேறிப் போனால் வரும் பண்டாரவளையில், உமாஓயா நீர்த் திட்டத்துக்காக 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் தோண்டினார்கள். 2014 டிசம்பரில் சுரங்கம் நீர் நிறைந்த கீறல்களில் முட்டியது. உள்ளே வெள்ளம் பீறிட்டது, மேலே மலையில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர் வெடித்தது. 2017இல் ஊரே கடையடைத்து வீதிக்கு வந்தது. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த பங்கு ஒரேயடியாகக் கல்லின் மேலும் மண்ணின் மேலும் விழ, நிலம் அமிழ்ந்தது. கிணற்றில் தண்ணீர் போன துயரத்தைத்தான் எல்லாரும் பேசினார்கள். தண்ணீர் போனதால் வீடு ஏன் வெடிக்க வேண்டும் என்று கேட்ட ஒரு மூதாட்டிக்கு என்னோடு நின்றவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா, உங்கள் வீட்டை அவ்வளவு காலமும் அடியிலிருந்து ஒரு தோள் ஏந்திக்கொண்டிருந்தது, அதை உருவிவிட்டார்கள் என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தண்ணீர் மிஞ்சினால் பிடி போகும். தண்ணீர் அற்றால் நிலம் தாழும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவை யார் காக்கிறார்கள்?

எங்கள் தாத்தா ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கான் வெட்டியவர். தேயிலை மலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சரிவில் தேயிலை நிரைகளுக்கு நடுவே, மலையைச் சுற்றினாற்போல், சிறு சாய்வோடு ஓடும் வாய்க்கால்தான் கான். மழைத் தண்ணீரை அங்கங்கே வாங்கி ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப் போன ஒரு நாளில் அவர் சொன்னது: "கானுல தண்ணி நடக்கணும்டா, ஓடக் கூடாது. நிக்கவும் கூடாது." ஓடினால் மண்ணை அரிக்கும். நின்றால் மலைக்குள் இறங்கும். டெர்ஸாகியின் பெயரைக் கேட்டிராத மனிதர். மலை எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பது அவர் முதுகுக்குத் தெரிந்திருந்தது.

தோட்டத்தின் செக்ரோலில், அதாவது சம்பளப் பேரேட்டில், அந்த வேலை சில்லறை வேலை. கொழுந்துக்குக் கணக்கு உண்டு; கிலோ உண்டு, விலை உண்டு, ஏற்றுமதிப் பட்டியலில் இடமுண்டு. கான் தூர் வாரியதால் சரியாமல் நின்ற மலைக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக ஆயிரமாயிரம் பேர் இந்த மலைகளில் குனிந்து கான் வெட்டினார்கள், வாரினார்கள், மறுபடி மழையில் தூர்ந்ததை மறுபடி வாரினார்கள். விக்டோரியாவின் நடைகூடத்தில் கசிவை அளந்து எழுதுகிறவரும், மழைக்கு முந்தின வாரம் கான் வாரிய என் தாத்தாவும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். மலைக்குள்ளே தண்ணீரின் பங்கு மிஞ்சாமல் பார்த்துக்கொண்டார்கள். கண்டியின் மலைகள் நிற்பதற்குக் காரணம் கேட்டால் 55 கோடி வயதுள்ள கல்லைக் காட்டுவார்கள். நான் அந்த முதுகுகளையும் சேர்த்துக் காட்டுவேன். இதை உணர்ச்சிவசப்பட்டு எழுதவில்லை. கணக்குப் போட்டே எழுதுகிறேன். 270இல் தண்ணீரின் பங்கு 100ஐ எட்டாமல் வைத்திருப்பது ஒரு வேலை. அந்த வேலையை யாரோ செய்தாக வேண்டும்.

ஆள் குறைந்தது, செலவைக் குறைத்தார்கள், கான்கள் தூர்ந்தன. தேயிலை காடாகிப்போன மலைகளில் நடந்தால் பழைய கானின் தடத்தில் இப்போது மானாப்புல் நிற்கிறது. மழைத் தண்ணீர் நிற்கிறது, நின்றது இறங்குகிறது, இறங்கியது பாறைக் கீறலில் ஏறி, மேல்மண்ணின் அடிவயிற்றில் கீழிருந்து முட்டுகிறது. மண்சரிவு மேலிருந்து வருகிறது என்று நாம் நினைக்கிறோம். பல சமயம் அது அடியிலிருந்துதான் தொடங்குகிறது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தண்ணீர் வேண்டும் என்பதால் பெரும்பாலும் ஓடைக்கும் ஊற்றுக்கும் அருகே, மலைமடிப்பில், சரிவின் காலடியில் கட்டினார்கள். மலையின் கீறல்கள் வாய் திறக்கும் இடம் அதுதான். பாறைக்குள் மிஞ்சுகிற நீர் முதலில் வந்து தள்ளும் இடமும் அதுதான். இடத்தைத் தேர்ந்தவர்கள் அங்கே குடியிருக்கவில்லை; குடியிருந்தவர்களைக் கேட்டு யாரும் இடம் தேரவில்லை. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லய வரிசைகள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. போகச் சொன்னார்கள், எங்கே போவது என்று சொல்லவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் 600க்கும் கூடியவர்கள் இறந்தார்கள். மிக அதிகமாக இழந்த மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. வெள்ளத்தைப் படம் பிடித்தார்கள். மலைகள் அந்த இரவுகளில் தம் பிடியை விட்டதைப் படம் பிடிக்க யாரும் விழித்திருக்கவில்லை. விழித்திருந்தவர்களில் பலர் இப்போது இல்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்குக் கணக்கு வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால் வெளியேற வேண்டும். நல்ல கணக்கு, உயிர்களைக் காத்த கணக்கு. அதோடு அவர்கள் வேறு சில அடையாளங்களையும் சொல்கிறார்கள்: நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, இருந்த ஊற்று நின்றுபோவது, தெளிந்த ஊற்று கலங்குவது. கடைசி மூன்றும் மலைக்குள் கீறல்கள் திறந்து மூடுவதன் செய்திகள். 100 மீட்டர் ஆழத்தில் நடப்பதை வாசலுக்குக் கொண்டுவந்து சொல்கிற கடிதங்கள். அவற்றை வாசிக்கக் கருவி வேண்டியதில்லை. தினமும் அதே ஊற்றில் தண்ணீர் பிடிக்கிற ஆள் வேண்டும்.

எங்கள் அப்பாயி பீலிக்குப் போகும்போது குடத்தோடு ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையும் கொண்டுபோவாள். பாறை இடுக்கிலிருந்து மூங்கில் வழியாக விழும் தண்ணீர். பிற்காலத்தில் மூங்கிலுக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய். முதலில் கோப்பையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். பிறகுதான் குடத்தை வைப்பாள். குடிக்கிற தண்ணீரைப் பார்க்கிறாள் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

டித்வாவுக்குப் பின் வந்த ஒரு மழை நாள் சாயங்காலம் அவர்கள் இருந்த லயத்துக்குப் போனேன். தாத்தாவும் இல்லை, அப்பாயியும் இல்லை. மலைமுகட்டில் மேகம் இறங்கியிருந்தது. பொடிசுகள் கதவடியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க் காம்பராவிலிருந்து பெரியம்மா ஒருத்தர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பீலிப் பக்கம் இறங்கிப் போனார். கையில் குடம் இல்லை. ஒரு கோப்பை மட்டும். குனிந்து பிடித்தார், டோர்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஊற்றிவிட்டு மறுபடி பிடித்தார். நான் மேலே படியில் நின்றுகொண்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏறி வந்து சாக்கை உதறியபடி கதவடியில் நின்றவர்களிடம் சொன்னார்: "தெளிவாத்தான் வருது. புள்ளைங்கள படுக்கப் போடு. பத்து மணிக்கு நான் மறுபடி போய்ப் பாக்குறேன்."